கணிப்பொறியும் காய்ப்பலியும்

சதுரங்கம் தொடங்குவார்க்குச் சொல்லப்படும் முதற்பாடம், காயைக் காத்துக்கொள் என்பது. நெடுநாள் பயின்றார்க்குச் சொல்லப்படும் பாடம், காலம் அறிந்து காயைக் கொடு என்பது. முதற்பாடத்தைக் கணிப்பொறி கற்றுப் பல்லாண்டுகள் ஆயின. இரண்டாம் பாடத்தையும் கற்றுவிட்டதா என்று அறிவது எங்ஙனம்? இது விளையாட்டைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினும், உண்மையில் அளவீட்டைப் பற்றிய கேள்வியாகும். ஆய்வுக்கூடத்தில் கருவிகளோடு நாளும் பழகும் நமக்கு இது புறம்பானதன்று.

முதற்கண் பொறி எண்ணும் முறையைக் காண்போம். ஒரு நிலையில் 30 நகர்த்தல்கள் உள்ளன என்று கொள்வோம். இரு தரப்பும் மும்முறை ஆடினால் எழும் வழிகள் 72 கோடியைத் தாண்டும். அத்தனையையும் பார்ப்பது வீண். ஆதலின் பொறி பலவற்றை இடையிலேயே கழித்துவிடுகிறது. கழிப்பதில் இரு வகை உண்டு. ஒன்று, கணித முறைப்படி விடையை மாற்றாத கழிவு. மற்றொன்று, ‘இது பயன்படாது’ என்னும் ஊகத்தாற் செய்யும் கழிவு. நல்லனவாகத் தோன்றும் நகர்த்தல்களை முன்வரிசையில் வைத்து ஆழமாகவும், ஏனையவற்றைப் பின்வரிசையில் வைத்து மேலோட்டமாகவும் ஆராய்வது இவ்விரண்டாம் வகை. பொறியின் விரைவு பெரிதும் இதனால் வருகிறது. ஆனால் காய்ப்பலி என்பது முதற்பார்வைக்கு வெறும் இழப்பே அன்றோ? ஆகவே அது பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறது. பலி நகர்த்தலைக் கொண்டு பொறியைச் சோதிப்பதன் நோக்கம், அழகை மெச்சுவதன்று. பொறி எவற்றைப் பாராமல் ஒதுக்குகிறது என்று கண்டறிவதே.

ஓர் எடுத்துக்காட்டு. 1998இல் ஸ்பெயின் நாட்டு லினாரசில் டோபலோவும் ஷிரோவும் மோதினர். பலகை வைத்திருப்போர் அடுக்கிப் பார்க்கலாம். வெள்ளைக்கு ராஜா ஜி-1இல், மந்திரி சி-3இல், சிப்பாய்கள் ஜி-2, எச்-4இல். கறுப்புக்கு ராஜா இ-6இல், மந்திரி எஃப்-5இல், சிப்பாய்கள் ஏ-4, டி-5, எஃப்-6, ஜி-6இல். ஆட வேண்டியவர் கறுப்பான ஷிரோவ். அவருக்கு இரு சிப்பாய்கள் மிகுதி. எனினும் இரு மந்திரிகளும் வெவ்வேறு நிறக் கட்டங்களில் ஓடுவதால், இத்தகைய ஆட்டங்கள் பெரும்பாலும் சமனிலேயே முடியும்.

வெள்ளை ராஜா இ-3க்கு வந்து தடுக்குமுன், கறுப்பு ராஜா இ-4ஐ அடைய வேண்டும். இ-5 கட்டத்தை வெள்ளை மந்திரி காக்கிறது. எஃப்-5 வழியே போகலாமென்றால் அங்கே நிற்பது தன் மந்திரியே! அதை விலக்க ஒரு நகர்த்தல் செலவானால் பந்தயத்தில் தோல்வி. ஷிரோவ் அம்மந்திரியை எச்-3இல் கொண்டுபோய், வெள்ளைச் சிப்பாய் வெட்டும்படி வைத்தார். வெட்டினாலும், சிப்பாயை முன்னே தள்ளினாலும் வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் செலவு. கவனியாது விட்டாலோ அச்சிப்பாய் இழப்பு. டோபலோவ் வெட்டினார். கறுப்பு ராஜா உரிய நேரத்தில் இ-4ஐ அடைந்தது. 47ஆம் நகர்த்தலில் கொடுத்த பலி, 53ஆம் நகர்த்தலில் வெற்றியாகக் கனிந்தது. அக்காலப் பொறிகள் இதனைக் காணத் திணறின. வியப்பில்லை. கொடுத்தது உடனே தெரிகிறது. கிடைப்பதோ பல நகர்த்தல்களுக்கு அப்பால் இருக்கிறது.

இத்தகைய நிலைகளைத் தொகுத்துப் பொறிகளுக்கு வினாத்தாள் அமைப்பது பழைய வழக்கம். 1982இல் பிராட்கோ, கோப்பெக் என்னும் இருவர் 24 நிலைகள் கொண்ட தேர்வொன்றை வெளியிட்டனர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம். ரெய்ன்ஃபெல்டு மனிதர்க்காக எழுதிய நூலின் 300 புதிர்களும் பொறிகளுக்குத் தேர்வாயின. ஆயின் வினாத்தாளும் ஒரு கருவிதானே? அதனையும் சோதிக்க வேண்டாமா? மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும்.

ஒன்று, பொறி கண்டுபிடித்ததா, மனப்பாடம் செய்ததா என்பது. 1997 மே 11ஆம் நாள், நியூயார்க்கில் கடைசி ஆட்டத்தின் 8ஆம் நகர்த்தலில் டீப் புளூ குதிரையைப் பலிகொடுத்தது. காஸ்பரோவ் 19 நகர்த்தல்களில் தோற்றார். உலகம் வியந்தது. ஆனால் அந்நகர்த்தல் பொறியின் தொடக்க ஏட்டில் மனிதர் முன்பே பதித்து வைத்தது! எனவே தேர்வின்போது ஏட்டை நீக்க வேண்டும். முன்வினாவின் நினைவையும் அழிக்க வேண்டும்.

இரண்டு, விடைத்தாள் சரியா என்பது. 1960இல் மாஸ்கோவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாம் ஆட்டத்தில், டால் தம் குதிரையை எஃப்-4இல் பலிகொடுத்துப் பொத்வின்னிக்கை வென்றார். அழகான பலி, ஆயினும் பொத்வின்னிக்குக்குத் தக்க மறுமொழி இருந்ததென்று பின்வந்த ஆய்வு காட்டியது. இதனை வினாவாக்கி, பலிகொடுக்காத பொறிக்குச் சுழியம் இட்டால், தவறு யாருடையது? பாராட்டுப் பெற்றதாலேயே ஒரு நகர்த்தல் சரியாகிவிடாது. வேறெந்த நகர்த்தலும் வெல்லாது என்று உறுதியான நிலைகளையே எடுத்தல் வேண்டும்.

மூன்று, ஒப்புச் சோதனை. வினா அனைத்திற்கும் பலியே விடையாயின், கண்ட இடமெல்லாம் காயைக் கொடுக்கும் மூடப்பொறி முழு மதிப்பெண் பெற்றுவிடும்! நோயுற்றார் குருதியை மட்டும் சோதித்து ஒரு மருத்துவச் சோதனையை நம்புவோமா? நலமுள்ளார் குருதியும் வேண்டும். அதுபோல, கவர்ச்சியாகத் தோன்றிப் பொய்த்துப் போகும் பலிகளையும் வினாக்களோடு சரிபாதி கலக்க வேண்டும். மேலும், நகர்த்தலை மட்டும் குறித்தல் போதாது. எந்நொடியில் கண்டது, இறுதிவரை மாறாது நின்றதா, மறுமொழிகளுக்கு விடை வைத்திருந்ததா என்பனவற்றையும் பதிய வேண்டும். பல இழைகளில் ஓடும் பொறி ஒரே வினாவுக்கு வெவ்வேறு நேரம் எடுத்துக்கொள்ளும். ஆதலின் ஒவ்வொன்றையும் பலமுறை ஓட்டுக.

இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் மதிப்பெண், பொறியின் ஆட்டத்திறனைச் சொல்லுமா? சொல்லாது. புதிர்களில் வெல்வதற்கென்று கழிவைக் குறைத்தால், ஏனைய நிலைகளில் பொறி மெலியும். ஸ்டாக்ஃபிஷ் பொறியை ஆக்குவோர் 2013 முதல் ஒரு முறையைக் கைக்கொண்டுள்ளனர். எந்தத் திருத்தமும், பழைய பொறியோடு புதிய பொறியை ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடவிட்டுப் புள்ளியியல் வழியே தேறினால்தான் ஏற்கப்படும். பலித்தேர்வு தருவது வலிமையின் அளவன்று, குருட்டிடத்தின் படம். இரண்டையும் குழப்பலாகாது.

ஒரு மடிக்கணினியும் விலையின்றிக் கிடைக்கும் ஒரு பொறியும் இருந்தால், விடுதி அறையிலேயே நண்பர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். ஷிரோவின் நிலையிலிருந்து தொடங்குக. பத்து உண்மைப் பலிகளும் பத்துப் பொய்ப் பலிகளும் திரட்டுக. பொறி தவறும் இடத்தில் நகைத்துவிட்டுப் போகாமல், எதை ஒதுக்கியதால் தவறியது என்று தேடுக. நாம் சதுரங்கத்தில் வல்லவர் ஆகாவிடினும், ஓர் எண்ணைக் கண்டவுடன் ‘இஃது எதனை அளந்தது?’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு வாய்க்கும். அறிவியல் மாணவனுக்கு அதனினும் பெரிய வெற்றி வேறென்ன?