கிருமி வந்த வழி

கொரோனா காலத்தில் எங்கள் லயத்தில் மூக்குச் சளி எடுத்தார்கள். நோய் இருப்பது தெரிந்த பிறகும் சில மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்களாமே, அதனால் எங்களுக்கு என்ன பயன்?
– வாசகி, நானுஓயா

உங்களுக்குக் கொடுக்கும் மருந்து அதனால் மாறாது. ஆனால் கிருமி எந்த வழியாக வந்தது என்று தெரியும். அடுத்த லயத்தைக் காப்பாற்ற அதுதான் வேண்டும்.

தோட்டத்துச் செக்றோல் பதிவேட்டைப் பார்த்து எழுதுபவர் 'முத்தம்மா'வை 'முத்தமா' என்று எழுதிவிட்டால், அதைப் பார்த்து எழுதிய பிரதிகளிலெல்லாம் அதே பிழை இருக்கும். எது எதிலிருந்து வந்தது என்று பிழையை வைத்தே சொல்லிவிடலாம். கொரோனா வைரஸின் மரபணுவில் ஏறக்குறைய 30,000 எழுத்துகள். கிருமி பெருகும்போது அவற்றைப் பிரதியெடுப்பதில் மாதத்துக்கு ஓரிரண்டு பிசகும். இருவரின் கிருமியிலும் ஒரே பிசகுகள் இருந்தால், பெரும்பாலும் ஒரே தொற்றுச் சங்கிலிதான்.

2020 அக்டோபரில் மினுவாங்கொடைத் தொற்றுக் கொத்தணியோடு பரவியது பி.1.411 என்ற வகை என்பதை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படித்தான் கண்டார்கள். 2021 ஜூனில் தெமட்டகொடையில் டெல்டா வகையைப் பிடித்ததும் அவர்களே. நோயாளியைப் பார்த்தால் எல்லாம் ஒரே காய்ச்சல்தான். எழுத்தைப் படித்தால்தான் வேகமாகப் பரவும் வகை உள்ளே வந்துவிட்டது தெரியும்.

மரபணு கிருமிகளின் உறவைக் காட்டும், எந்த பஸ்ஸில் ஏறினீர்கள் என்று காட்டாது. அதனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) சளி மாதிரியைக் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். அதோடு, போன இடம், திகதி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.