பம்பர் பஸ்ஸில், எஞ்சின் லொறியில்

யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், நம் நாரந்தனையில் ஒரு வேகன் ஆரின் முன்பம்பர் உடைந்தால், அதற்கு ஈடான இன்னொன்று பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடக்கும். அங்கே இல்லாவிட்டால் தெல்கந்தையில் தேடலாம். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, விலை பேசி, வங்கியில் காசு போடுவது அரை மணித்தியால வேலை. அது முடிந்ததும் கடைக்காரர் கேட்பார்: "எதிலை போட்டுவிடுறது, அண்ணை?" நம்மில் பலர் அந்த இடத்தில் யோசிக்காமல், "பஸ்ஸிலை போட்டுவிடுங்கோ" என்று சொல்லிவிடுகிறோம். பம்பருக்கு அந்தப் பதில் சரி. எஞ்சினுக்குச் சரியில்லை. முன்கண்ணாடிக்கு முற்றிலும் பிழை.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதே வழக்கமாகிவிட்டது. திறந்த பிறகும் புதிய காரின் விலை எட்டாத உயரத்தில் நிற்பதால் அந்த வழக்கம் குறையவில்லை. தீவுப்பகுதியில் இதோடு உப்புக்காற்றும் சேர்கிறது. பண்ணைப் பாலத்தால் தினமும் போய்வரும் காரில் மட்காட், கதவின் அடிவிளிம்பு, ரேடியேற்றரைத் தாங்கும் சட்டம் எல்லாம் உள்ளூர் மெக்கானிக் எதிர்பார்ப்பதைவிட முந்தியே துருவேறுகின்றன. ஆகவே சின்னப் போல்ட், பெயரிங் மட்டுமல்ல, ஆளுயரப் பாகங்களும் தெற்கிலிருந்து வரவேண்டியிருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிறிஜுக்கும் வேண்டிய பாகங்களை யாழ்ப்பாணத்துப் பட்டறைகள் தாங்களே கடைந்து, ஒட்டிச் சமாளித்தன. இன்றைய ஜப்பான் கார்களின் பிளாஸ்ரிக் பம்பரையும் மின்னணுப் பெட்டிகளையும் அப்படிக் கடைந்தெடுக்க முடியாது. கொண்டுவரத்தான் வேண்டும்.

கொண்டுவர நான்கு வழிகள் உண்டு: இரவு பஸ், ரயில் பார்சல், லொறிச் சேவை, கூரியர். இவற்றில் எது மலிவு என்று பார்த்துத் தெரிவு செய்வதுதான் வழக்கம். நான் வேறு இரண்டு கேள்விகளை முதலில் கேட்கச் சொல்வேன். இந்தப் பாகம் வழியில் எதனால் கெடும்? யாழ்ப்பாணத்தில் இதை யார் இறக்குவார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மலிவு எது என்பது தானாகத் தெரியும்.

இரவு பஸ்ஸை எடுப்போம். வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் மாலையில் ஏற்றி, புத்தளம், அநுராதபுரம், வவுனியா தாண்டி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடி, விடியப்புறம் யாழ்ப்பாணத்தில் இறக்குகிறார்கள். வேகத்தில் இதை வெல்ல வேறொன்றுமில்லை. இன்று பின்னேரம் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பம்பர் நாளை காலை பண்ணைக்கு இந்தப் பக்கம் இருக்கும். பம்பர், பொனட், மட்காட், கதவு, டாஷ்போட், சைலன்சர் போன்று பெரிதாகவும் பாரம் குறைவாகவும் உள்ள சாமான்களுக்கு பஸ்தான் என் முதல் தெரிவு. கூரியரில் இவைதான் கையைக் கடிக்கும். பல கூரியர் நிறுவனங்கள் பொதியின் நீள, அகல, உயரத்தை சென்ரிமீற்றரில் பெருக்கி, 5,000 ஆல் வகுத்து, வரும் எண்ணைக் கிலோவாக எடுத்துக்கொள்கின்றன. 150க்கு 50க்கு 40 அளவில் பொதி செய்த ஒரு பம்பர் அந்தக் கணக்கில் 60 கிலோ. தராசில் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. பஸ்காரர் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. கண்ணால் பார்த்து ஒரு விலை சொல்வார், அதைப் பேசிக் குறைக்கவும் முடியும்.

ஆனால் நீளத்தை அளக்காமல் அனுப்பச் சொல்லாதீர்கள். ஜப்பான் சின்னக் கார்களான வேகன் ஆர், அல்ற்றோ வகைகளுக்கு அந்நாட்டுச் சட்டப்படி அகலம் 1.48 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. ஆகவே அவற்றின் பம்பரும் அந்த அளவுக்குள் அடங்கும், பெரும்பாலான பஸ்களின் டிக்கியில் சிரமமில்லாமல் போகும். அக்வாவும் அக்சியோவும் ஏறக்குறைய 1.7 மீற்றர். இங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. டிக்கி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஊடுருவித் திறந்த பஸ் என்றால் குறுக்கே வைக்கலாம். நடுவில் தடுப்பு இருந்தால் சரித்துத் திணிப்பார்கள், மூலை மடங்கும். பம்பரின் பிளாஸ்ரிக் வளைந்து திரும்பிவரக் கூடியதுதான். கூர்மையாக மடங்கிய இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்துவிடும், பெயின்ற் அடித்தாலும் அந்த இடம் பிறகு வெடிக்கும். எஞ்சின் பின்னால் உள்ள பஸ்ஸில் கடைசி டிக்கி இரவு முழுக்கச் சூடாக இருக்கும். அதற்குள் வளைத்து வைத்த பம்பர் அந்த வளைவிலேயே நின்றுவிடலாம். நடு டிக்கி கேளுங்கள்.

ஏற்றும்போது நடப்பதை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தால் பொதி கட்டும் முறையே மாறிவிடும். முதலில் வந்த பம்பரை அடியில் வைப்பார்கள். பிறகு பயணிகளின் சூட்கேஸ்கள் வரும், அதன் மேல் அரிசி மூட்டை, அதற்கும் மேலே யாரோ ஒருவரின் தொலைக்காட்சிப் பெட்டி. வவுனியாவில் ஒருவர் இறங்கும்போது முழுவதையும் இழுத்து, திரும்பத் தள்ளுவார்கள். "இதுக்கு மேலை ஒண்டும் வையாதேங்கோ, தம்பி" என்று சொன்னால் கிளீனர் தலையாட்டுவார். அந்த நேரத்து அவசரத்தில் அவரால் அதைக் காப்பாற்ற முடியாது. ஆகவே பொதிதான் தன்னைக் காக்கவேண்டும். பம்பரின் உட்குழிவுக்குள் பழைய சாக்கை இறுக்கிச் சுருட்டி வைத்து, வெளியே காட்போட் மட்டை சுற்றி, அதன்மேல் பொலித்தீன் சுற்றச் சொல்லுங்கள். பபிள் பொலித்தீன் மட்டும் போதாது. அது கீறலைத் தடுக்கும், பாரத்தைத் தாங்காது. ஹெட்லைற்றுக்குக் கண்ணாடியைவிட அதைப் பூட்டும் காதுகள்தான் முதலில் முறியும். மூன்று காதில் ஒன்று போனாலும் லைற் ஆடும். காதுகளுக்குத் தனியே ரெஜிபோம் வைத்து, முழுவதையும் கடினமான பெட்டியில் போட்டால் மட்டுமே பஸ்ஸில் ஏற்றலாம். பொனட், மட்காட் போன்ற தகட்டுச் சாமான்களில் விளிம்பைக் கவனியுங்கள். வழியில் பட்ட ஒரு சின்னக் கீறல் கொழும்பில் ஒரு பொருட்டில்லை. நம் காற்றில் அது ஒரு மாரிக்குள் துருவாகும். வந்தவுடன் கீறலுக்குப் பிறைமர் பூசிவிடுங்கள், பெயின்ற் வேலை பிறகு நடக்கட்டும்.

பஸ் நடத்துநரின் தொலைபேசி இலக்கமும் பஸ்ஸின் பதிவிலக்கமும்தான் உங்கள் கைவசம் உள்ள அத்தாட்சி. முடிந்தால் ஒரு துண்டுச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். பொதியை டிக்கிக்குள் வைத்த பிறகு ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கடைப் பையனிடம் சொல்லுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், பொங்கல், தீபாவளியை ஒட்டிய வாரங்களிலும் டிக்கியில் இடமே இராது. அப்போது பஸ்ஸை நம்பாதீர்கள்.

பஸ்ஸில் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றக்கூடாதவை உண்டு. எயார்பாக் வெடிமருந்தால் இயங்குவது. பெற்றோல் தாங்கி வெறுமையாக இருந்தாலும் ஆவி உள்ளே இருக்கும். ஹைபிறிட் பற்றரி, அமில பற்றரி இரண்டும் ஆபத்து. ஐம்பது பேர் நித்திரையாய் இருக்கும் இருக்கைகளுக்குக் கீழே இவற்றை வைக்கச் சொல்வது பாவம். டாஷ்போட் வாங்கினால் அதில் எயார்பாக் பொருத்தியிருக்கிறதா என்று கேட்டு, கழற்றிய பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் வேறு கதை. சின்னக் காரின் எஞ்சினையே இரண்டு பேர் சேர்ந்துதான் அசைக்கலாம். ஹயஸின் டீசல் எஞ்சின் என்றால் இருநூறு கிலோ அளவில் வரும். சில பஸ்காரர் காசுக்காக ஏற்றிவிடுவார்கள். விடிய ஐந்து மணிக்கு, பயணிகள் இறங்கி நிற்கிற இடத்தில், அதை யார் இறக்குவது? உருட்டி இறக்கும்போது ஓயில் சம்ப் நிலத்தில் அடித்து நெளியும், சென்சர் ஒன்று முறியும், அலுமினிய வார்ப்பில் மயிரிழை வெடிப்பு விழும். அந்த வெடிப்பு காரில் பூட்டி, தண்ணீர் விட்டு, சூடேறிய பிறகுதான் தெரியும். அப்போது கடைக்காரர் பஸ்ஸைக் காட்டுவார், பஸ்காரர் கடையைக் காட்டுவார்.

ஆகவே பாரமான சாமான் லொறிக்கு. புறக்கோட்டையில் யாழ்ப்பாணத்துக்கு ஏற்றும் லொறிச் சேவைகள் நீண்டகாலமாக இருக்கின்றன. ஒன்றிரண்டு நாள் கூடப் பிடிக்கலாம். பற்றுச்சீட்டுக் கிடைக்கும், இரண்டு முனையிலும் ஏற்றி இறக்க ஆட்கள் இருப்பார்கள். எஞ்சினை மரச்சட்டத்தில் இருத்தி, கீழே பழைய ரயர் போட்டு, நாலு பக்கமும் கட்டச் சொல்லுங்கள். ஓயிலையும் கூலன்ரையும் வடித்து, திறந்த வாய்களைத் துணியால் அடைத்து, மேலே பொலித்தீன் சுற்றச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தையும் வாசியுங்கள். உடைவுக்குப் பொறுப்பில்லை என்று அச்சடித்திருந்தால், எஞ்சினின் நாலு பக்கப் படங்களை ஏற்றுவதற்கு முன்னரே எடுத்து வைத்துக்கொள்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

தீவுப்பகுதியில் இன்னொரு லொறியும் உண்டு. பேலியகொடை மீன்சந்தைக்கு மீன் கொண்டுபோய் வெறும் பெட்டிகளோடு திரும்பும் கூலர் லொறி. தெரிந்தவர் என்றால் மிகக் குறைந்த காசுக்கு, சில வேளை சும்மாவே, வீட்டுவாசல் வரை கொண்டுவந்து தருவார். நாரந்தனைக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் அந்தத் தளத்தில் நிற்கும் உப்புத்தண்ணீர் அலுமினியத்துக்கும் மின்இணைப்புகளுக்கும் நஞ்சு. அக்சில், சில்லு, சஸ்பென்சன் கை போன்ற முரட்டு இரும்புச் சாமான்களை நிலம் தொடாமல் பலகைமேல் வைத்து அதில் ஏற்றலாம். வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். எஞ்சினை அதில் ஏற்ற வேண்டாம்.

ரயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990இல் அறுந்த வடக்குப் பாதை 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை திரும்பி வந்தது. கோட்டை நிலையத்தில் பார்சல் பதிந்து, எடைக்குக் காசு கட்டி, பற்றுச்சீட்டுப் பெறலாம். மோட்டார் சைக்கிளையே பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். குலுக்கல் குறைவு என்பது பெரிய நன்மை. ஆனால் நீங்கள் பதிந்த ரயிலிலேயே பொருள் வரும் என்று எண்ணக்கூடாது. 2023இலும் 2024இலும் திருத்த வேலைக்காகப் பாதை மாதக்கணக்கில் மூடியிருந்ததையும் மறக்கக்கூடாது. அவசரமில்லாத, நடுத்தரப் பாரமான சாமானுக்கு நல்ல வழி. புறப்படுமுன் சேவை ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூரியர், கையில் அடங்கும் பாகங்களுக்கு மட்டும்: சென்சர், கண்ட்ரோல் பெட்டி, பக்கக் கண்ணாடி.

முன்கண்ணாடியை நீங்களாக எந்த வழியிலும் கொழும்பிலிருந்து எடுக்காதீர்கள். அது எப்போதும் நிமிர்ந்து, விளிம்பில் நின்றுதான் பயணம் செய்யவேண்டும். படுக்கவைத்த கண்ணாடி ஒரு பள்ளத்திலேயே போய்விடும். யாழ்ப்பாணத்தில் கண்ணாடிக் கடைக்குச் சொல்லி வரவழையுங்கள். உடைந்தால் அவர்கள் பொறுப்பு, பூட்டுவதும் அவர்களே. விலை கூடத்தான் செய்யும், கொடுக்கலாம்.

இனி யாழ்ப்பாணத்துக்குப் பிறகு வருவதைப் பார்ப்போம். மானிப்பாயிலோ கோண்டாவிலிலோ இருப்பவருக்கு ஒரு ஆட்டோவோடு வேலை முடிந்துவிடும். நமக்கு மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை எல்லாம் கடந்து வரவேண்டும். ஊர்காவற்றுறை பஸ்ஸில் பம்பரை ஏற்றலாம், ஆனால் காலையில் பள்ளிப்பிள்ளைகளும் அலுவலகக்காரரும் நிறைந்த பஸ்ஸில் அல்ல. பத்து மணிக்குப் பிறகு வாருங்கள். எஞ்சினுக்கு டிமோ பட்டா என்கிற சின்ன லொறி பிடித்தே ஆகவேண்டும். அந்தக் கூலி சில வேளை கொழும்பிலிருந்து வந்த கூலியையும் தாண்டிவிடும். ஆகவே முழுப் பாதைக்கும் சேர்த்து ஒரே கணக்காகப் போடுங்கள்.

இங்கே பலர் தவறவிடும் ஒரு தெரிவு உண்டு. கார் ஓடுகிற நிலையில் இருந்தால் பாகத்தை நாரந்தனைக்குக் கொண்டுவரவே தேவையில்லை. பொனட்டும் பம்பரும் எப்படியும் பெயின்ற் அடிக்கவேண்டியவை. நிறம் கலந்து அடிக்கும் கராஜ் பட்டினத்தில். பொதியை நேரே அந்தக் கராஜ் முகவரிக்கு இறக்கச் சொல்லிவிட்டு, காரை நீங்கள் ஓட்டிக்கொண்டு போங்கள். கார் ஓடாத நிலையில், எஞ்சின் மாற்றம் என்றால், ஊரிலேயே கைதேர்ந்த மெக்கானிக் இருந்தால் எஞ்சினை இங்கே கொண்டுவருவதுதான் நல்லது. காரைக் கட்டியிழுத்துக்கொண்டு பண்ணைப் பாலம் தாண்டுவது காற்றுக் காலத்தில் ஆபத்தான வேலை.

நெடுந்தீவு, நயினாதீவுக்காரருக்கு இதற்கு மேல் குறிகட்டுவான் இறங்குதுறையும் கடலும் இருக்கின்றன. அங்கே பொருளைவிடக் காற்றைப் பார்த்துத்தான் நாள் குறிக்கவேண்டும். சோளகம் இரைகிற நாளிலும் வாடையில் கடல் கொந்தளிக்கிற நாளிலும் எஞ்சினைப் படகில் ஏற்றவேண்டாம். வேலணையிலோ புங்குடுதீவிலோ தெரிந்த வீட்டில் இறக்கி வைத்து, கடல் அடங்கிய காலையில் எடுத்துச் செல்லுங்கள்.

எஞ்சின் வாங்குபவருக்கு இரண்டு வார்த்தை. எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவில் இருப்பது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். அதற்குக் கடையின் பில்லும் இறக்குமதிப் பத்திர நகலும் தேவைப்படும். அவற்றைப் பொதியோடு கட்டாமல் தனியே தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். அடுத்தது, பாவித்த எஞ்சினுக்குக் கடைகள் பூட்டிப் பார்க்க ஒரு குறுகிய தவணைதான் தருகின்றன. அது பில் திகதியிலிருந்து ஓடத் தொடங்கும். லொறியில் போன நாளும் பட்டா கிடைக்காமல் நின்ற நாளும் அதற்குள் கழிந்துவிடும். எஞ்சின் யாழ்ப்பாணத்தில் இறங்கிய நாளிலிருந்து தவணையைக் கணக்கிடும்படி கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதுவித்து, அந்தப் பில்லின் படம் கைக்கு வந்த பிறகு மீதிக் காசைப் போடுங்கள்.