ஓர் ஊர்வலமும் இரு தீர்ப்பும்

சட்டத்தை மீறுதல் வேறு; நீதிமன்றத்தின் உத்தரவை மீறுதல் வேறு. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை யாதென வினவின், சட்டம் பயிலாத நம்மனோர்க்கு அஃது எளிதிற் புலப்படுவதன்று. இரண்டும் ஆணையே, மீறினோர்க்கு இரண்டிலும் சிறையே. ஆயினும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்ச நீதிமன்றம், ஒரே ஊரில் ஒரே நாளில் நடந்த ஓர் ஊர்வலத்தைப் பற்றி, 1967ஆம் ஆண்டில் அதனை நடத்தினோர் தண்டனைக்குரியர் என்றும், 1969ஆம் ஆண்டில் அதனை நடத்தினார் ஒருவர் தண்டனைக்குரியரல்லர் என்றும் இரு தீர்ப்புகள் அளித்தது. இரண்டையும் எழுதிய நீதிபதி ஒருவரே. பின்னது முன்னதை நீக்கவுமில்லை. இஃது எவ்வாறு கூடிற்று என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். யான் தமிழ் பயிலும் மாணாக்கன். வழக்காடு நூல்களிற் பழகியவனல்லேன். எனினும், மக்கள் திரண்டு தம் குறையை வீதியிற் சொல்லுதற்கு உரியரா என்னும் வினா வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதன்று.

அலபாமா மாகாணத்துப் பர்மிங்காம் இரும்பும் எஃகும் வார்க்கும் நகரம். 1960ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி அதன் மக்கள் ஏறக்குறைய 3,40,000 பேர். அவருள் ஐந்தில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தார். உணவுச்சாலை, பூங்கா, குடிநீர்க் குழாய் ஆகிய அனைத்தும் நிறம்பற்றிப் பகுக்கப்பட்டிருந்தன. நகரப் போலீசாருள் 1966ஆம் ஆண்டு வரையில் கறுப்பர் ஒருவரும் இலர். இந்நகரில் பிரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்னும் பாப்டிஸ்டுப் போதகர் சமவுரிமை வேண்டி உழைத்துவந்தார். 1956ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அவருடைய இல்லம் வெடிகுண்டால் தகர்க்கப்பட்டது. அவரோ இடிபாடுகளினின்றும் ஊறின்றி எழுந்து வந்தார். குண்டுகள் அவ்வூரில் அத்துணைப் பன்முறை வெடித்தமையால், ஊரின் பெயரையே குண்டோடு சேர்த்துத் திரித்து வழங்குவாராயினர்.

ஊர்வலம் செல்ல விரும்புவோர் நகராட்சிக் கமிஷனிடம் அனுமதிச் சீட்டுப் பெறல் வேண்டும் என்று அந்நகரச் சட்டம் விதித்திருந்தது. இவ்வளவில் குறைகூற இடமில்லை. வண்டிகள் செல்லும் தெருவில் ஒரே வேளையில் இரு கூட்டத்தார் எதிர்ப்படாமற் காத்தல் ஆள்வோர் கடமையே. ஆனால், பொது நலம், அமைதி, ஒழுக்கம், வசதி முதலியவற்றின் பொருட்டு மறுத்தல் தக்கதென்று கமிஷனர்கள் கருதுவராயின் அவர்கள் மறுக்கலாம் என்றும் அச்சட்டம் கூறிற்று. தக்கது யாது, தகாதது யாது என அளந்தறியும் கோல் அவர்தம் மனமன்றிப் பிறிதில்லை. அக்கமிஷனர் மூவருள் ஒருவர், போலீசையும் தீயணைப்புப் படையையும் தம் கைக்கீழ் வைத்திருந்த யூஜீன் கானர். 'காளை' என்னும் பட்டப்பெயரால் அவரை ஊரார் அழைத்தனர். 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் இயக்கத்தின் சார்பில் ஒரு பெண்மணி நகர மண்டபம் சென்று அனுமதி கேட்டார். சீட்டு கிடையாது, சிறைச்சாலைக்கே உங்களை ஊர்வலமாக அனுப்புவேன் என்னும் கருத்துப்பட விடையிறுத்தார் கானர். இரண்டு நாள் கழித்து ஷட்டில்ஸ்வொர்த் தந்தி கொடுத்தார், அதற்கும் பயனில்லை.

ஏப்ரல் 10ஆம் நாள் இரவு நகரத்தார் வேறொரு வழியை நாடினர். ஜென்கின்ஸ் என்னும் மாகாண நீதிபதியிடம் சென்று, மார்ட்டின் லூதர் கிங், ஷட்டில்ஸ்வொர்த் முதலியோர் அனுமதியின்றி ஊர்வலம் நடத்தலாகாது எனத் தடையுத்தரவு வேண்டினர். எதிர்த்தரப்பினர்க்கு அறிவிப்பில்லை, அவர்கள் மறுமொழி கேட்கப்படவுமில்லை. ஒருபுறச் சொல்லைக் கேட்டு ஆணை பிறப்பித்தலின் தீங்கைப் பாண்டியன் அவையை அறிந்த தமிழர்க்கு விரித்துரைத்தல் மிகை. அந்நகரச் சட்டம் கூறியதையே பெரும்பாலும் எடுத்துக்கூறிய அவ்வுத்தரவு, நள்ளிரவு கடந்தபின் கிங் முதலியோர் தங்கியிருந்த விடுதியில் அவர்கள் கையிற் கொடுக்கப்பட்டது. ஒரு பகல் கழிந்தால் பெரிய வெள்ளிக்கிழமை. அந்நாளிலும் உயிர்த்தெழுந்த ஞாயிறன்றும் ஊர்வலம் செல்வதென முன்னரே முடிவு செய்திருந்தனர்.

கிங் என் செய்வது? முந்திய ஆண்டு ஜார்ஜியா மாகாணத்து ஆல்பனி நகரில் இத்தகைய உத்தரவொன்று வந்தபோது அவர் கீழ்ப்படிந்தார். சில நாட்களுள் மேல்நீதிபதி அதனை நீக்கினார். ஆயினும் அதற்குள் மக்களின் ஊக்கம் தணிந்துவிட்டது. அவ்வனுபவம் அவர் நெஞ்சில் நின்றது. அன்றியும், ஆல்பனியில் உத்தரவு இட்டது மத்திய அரசின் நீதிமன்றம். பர்மிங்காமில் உத்தரவு இட்டதோ அலபாமா மாகாணத்தின் நீதிமன்றம். பின்னது நீதியின் பெயரால் அநீதியைக் காப்பது எனக் கூறி, அதற்குப் பணியோம் என அவர் வெளிப்படையாக அறிவித்தார். ஏப்ரல் 12ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, ஏறக்குறைய ஐம்பது பேர் நடைபாதையில் இருவர் இருவராக நடந்தனர். நான்கு தெருத்தொலைவு சென்றபின் கிங், அபர்நாதி, ஷட்டில்ஸ்வொர்த் உள்ளிட்டோர் சிறைப்பட்டனர்.

அச்சிறையில் எழுதப்பட்டதே உலகறிந்த அந்நிருபம். பர்மிங்காமின் கிறிஸ்தவத் தலைவர் எழுவரும் யூத ரபி ஒருவரும் கூடி வெளியிட்ட அறிக்கைக்கு அது விடை. உரிமை மறுக்கப்படுமாயின் நீதிமன்றத்தில் வழக்காடுக, தெருவில் இறங்கற்க என்பது அவ்வெண்மர் கூறிய அறிவுரையின் சாரம். அவர்கள் தீயோரல்லர், அமைதி விரும்பிகள். அவருள் சிலர் நிறவெறி பிடித்த ஆளுநரை முன்னரே கண்டித்தவர். ஆதலின், அவர்கள் சொல்லை எளிதில் தள்ளாது, நீதிமன்றம் சென்றோர்க்கு அலபாமாவில் யாது நேர்ந்தது என நோக்குதல் நேர்மையாம்.

கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கென உழைத்த பழைய சங்கத்தின்மீது 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அலபாமா நீதிபதி ஒருவர், இவ்வாறே எதிர்த்தரப்பைக் கேளாது, தடையுத்தரவு பிறப்பித்தார். அச்சங்கம் மாகாணத்திற் செயற்படலாகாது என்பது அதன் பொருள். சங்கத்தார் கீழ்ப்படிந்தனர், வழக்காடினர். அவ்வழக்கு நான்கு முறை உச்ச நீதிமன்றம் வரை சென்று மீண்டது. 1964ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் தடை நீங்கிற்று. எட்டாண்டுகள்! இடையில் அவ்வழக்கில் ஒரு லட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டிருந்தது. அத்தடையின் விளைவாகவே ஷட்டில்ஸ்வொர்த் தம் புதிய இயக்கத்தை அதே ஜூன் மாதத்தில் தொடங்கினார். நீதிமன்றம் செல்க என்று அவருக்குச் சொல்லுதல், அவ்வழியை நன்கு அறிந்து மீண்டவர்க்கே வழி காட்டுவது போலாகும்.

இனி, வழக்குகளுக்கு வருவோம். உத்தரவை மீறியதற்காக ஜென்கின்ஸ் நீதிபதி ஏப்ரல் 26ஆம் நாள் கிங் முதலியோர்க்கு ஐந்து நாள் சிறையும் ஐம்பது டாலர் அபராதமும் விதித்தார். நகரச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது, உத்தரவும் அவ்வாறே என்று அவர்கள் வாதிக்க முற்பட்டபோது, அதனைக் கேளேம் என்றார். உத்தரவிட எமக்கு அதிகாரம் உண்டா, அதனை அறிந்தே மீறினீரா என்னும் இரண்டையுமே யாம் வினவுவோம் என்பது அவர் நிலை. அமெரிக்க வழக்காட்டில் இது பழைய விதி. முறைகேடான சட்டத்தை ஒருவன் மீறினால், குற்றக்கூண்டில் நின்று, சட்டமே செல்லாது என அவன் வாதிக்கலாம், வென்றால் விடுதலை. முறைகேடான நீதிமன்ற உத்தரவை மீறினாலோ, அது செல்லாதென்று காட்டினும் விடுதலையில்லை. முதலில் பணிதல் வேண்டும். பின்னர் அதனை நீக்குமாறு வேண்டுதல் வேண்டும்.

1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், வாக்கர் எதிர் பர்மிங்காம் நகரம் என்னும் வழக்கில், ஐவர்க்கு நால்வராக உச்ச நீதிமன்றம் இவ்விதியை நிலைநாட்டிற்று. தீர்ப்பெழுதினார் ஸ்டூவர்ட் என்னும் நீதிபதி. அனுமதிச் சட்டம் ஐயத்துக்குரியது என்பதை அவரும் மறுத்திலர். ஆயினும், இரண்டு நாள் இடையில் இருந்ததே, நீதிபதியிடம் சென்று உத்தரவை மாற்றுமாறு ஒருமுறையேனும் கேட்டிலரே என்றார். தன் வழக்கில் தானே நீதிபதியாதல் எத்துணை நல்லோர்க்கும் ஆகாது என்பது அவர் கருத்தின் ஆணிவேர்.

இக்கருத்தை இகழ்ந்து தள்ளல் அறிவுடைமையாகாது. ஏனெனில், அதே காலத்தில் நீதிமன்ற உத்தரவுகளை எதிர்த்து நின்றோர் பிறரும் உளர். 1962ஆம் ஆண்டில் மிசிசிப்பி ஆளுநர் ராஸ் பார்னெட், கறுப்பு மாணவர் ஒருவரைப் பல்கலைக்கழகத்திற் சேர்க்குமாறு மத்திய நீதிமன்றம் இட்ட ஆணைக்கு அடங்க மறுத்தார். கலகம் மூண்டு இருவர் மாண்டனர். 1963ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பல்கலைக்கழக வாயிலை மறித்து நின்றார். தத்தம் மனச்சான்றே ஆணையினும் பெரிதென அவரவர் கொள்வராயின், பள்ளிக் கதவைக் கறுப்புச் சிறார்க்குத் திறந்த அவ்வாணைகள் என்னாகும்? இது கேட்கத்தக்க கேள்வியே. ஆயினும் பின்விளைவு நோக்குக. பார்னெட்மீது வந்த அவமதிப்புக் குற்றச்சாட்டு 1965ஆம் ஆண்டில் தள்ளப்பட்டது. அவர் ஒரு நாளும் சிறையிருந்திலர். இரண்டிரண்டு பேராக நடைபாதையில் நடந்த கிங் 1967ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் அலபாமா சென்று அத்தண்டனைக்காகச் சிறைபுகுந்தார். விதி பொதுவென்று சொல்லுதல் எளிது.

மறுத்துரைத்த நால்வருள் பிரதம நீதிபதி ஏர்ல் வாரன், எதிர்த்தரப்பைக் கேளாது இடும் தடையுத்தரவின் பழைய வரலாற்றை நினைவூட்டினார். தொழிலாளர் வேலைநிறுத்தத்தை முறிக்க முதலாளிகள் கைக்கொண்ட கருவி அது. 1894ஆம் ஆண்டு புல்மன் ரயில் வேலைநிறுத்தத்தில் யூஜீன் டெப்ஸ் என்னும் தலைவர் இதனாலேயே ஆறு மாதம் சிறையிருந்தார். தொழிற்பூசல்களில் அக்கருவியின் கூர்மையை 1932ஆம் ஆண்டிலே சட்டசபை மழுக்கிற்று. ஏனையோர்க்கு அது கூராகவே நின்றது.

யான் அந்நால்வர் பக்கமே சார்வேன். காரணம் ஒன்று. ஊர்வலத்துக்குக் காலமே உயிர். நிலத்தைப் பற்றிய வழக்கில் தீர்ப்புத் தாழ்த்தால் நிலம் அவ்விடத்தே இருக்கும். பெரிய வெள்ளியன்று நடப்பதற்கிருந்த ஊர்வலத்தை மூன்று திங்கள் கழித்து நடத்துக என்றால், அனுமதியும் உண்டு, பொருள்தான் இல்லை. முதலிற் பணிந்து பின்னர் முறையிடுக என்பது, முறையீட்டை விரைந்து கேட்கும் நீதிமன்றம் உள்ள இடத்துக்கே பொருந்தும் விதி. எட்டாண்டுக் காத்திருப்பை உடன்கொண்டு வரும் நாட்டில் அது விதியன்று, பூட்டு.

1969ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் இரண்டாம் தீர்ப்பு வந்தது. அதே வெள்ளிக்கிழமை ஊர்வலத்துக்காக, உத்தரவை மீறியதற்கன்றி, அனுமதிச் சட்டத்தை மீறியதற்காக ஷட்டில்ஸ்வொர்த்துக்குத் தொண்ணூறு நாள் கடுங்காவலும், அபராதம் செலுத்தாமைக்கு மேலும் நாற்பத்தெட்டு நாளும் விதிக்கப்பட்டிருந்தன. மீண்டும் ஸ்டூவர்ட் எழுதினார். இம்முறை மறுத்தோர் ஒருவருமிலர். ஆள்வோர் மனம்போனவாறு கொடுக்கவும் மறுக்கவும் இடந்தரும் சட்டம் செல்லாது. அத்தகைய சட்டத்தைப் பொருட்படுத்தாது ஒருவன் தன் உரிமையைச் செலுத்தலாம் என்று விதித்தார். செல்லாத சட்டத்தின் சொற்களை நீதிபதி ஒருவர் தம் தாளில் எழுதிக் கையொப்பமிட்டால் அது பணிதற்குரியதாம். நகர மண்டபத்துத் தாளில் இருந்தால் புறக்கணித்தற்குரியதாம். இவ்விரு தீர்ப்பையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்போர் நகையாதிருத்தல் அரிது.

இடையே, 1968ஆம் ஆண்டு நவம்பரில், அறிவிப்பின்றி எதிர்த்தரப்பைக் கேளாது பொதுக்கூட்டத்தைத் தடுத்தல் தகாது என்று அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில் தீர்த்தது. அவ்வழக்கில் வென்றோர் வெள்ளையர் மேன்மையைப் பறைசாற்றிய ஒரு கட்சியார்! கிங்குக்குக் கிடைக்காத கேடயம் அவர்கள் வாயிலாக எல்லார்க்கும் கிடைத்தது. அவர்கள் உத்தரவுக்குப் பணிந்து, பின் முறையிட்டவர் என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

கிங் உத்தரவுகளையெல்லாம் மீறியவர் என நினைத்தல் பிழை. 1965ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் செல்மா நகரத்துப் பாலத்தருகே மாகாணப் போலீசார் ஊர்வலத்தினரைத் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் தாக்கினர். இரண்டு நாள் கழித்து மீண்டும் புறப்பட்டபோது மத்திய நீதிபதி பிராங்க் ஜான்சனின் தடை இருந்தது. கிங் பாலத்தைக் கடந்து, மண்டியிட்டுச் செபித்து, திரும்பினார். இளைஞர் பலர் அதற்காக அவரை வைதனர். ஆனால் ஜான்சன் வழக்கை நாட்கணக்கிலே கேட்டு, மார்ச்சு 17ஆம் நாள் ஊர்வலத்துக்கு அனுமதியளித்தார். இழைக்கப்பட்ட தீங்கு எத்துணைப் பெரிதோ அத்துணைப் பெரிதாகுக வீதியில் முறையிடும் உரிமையும் என்பது அவர் கொண்ட அளவுகோல். மார்ச்சு 25ஆம் நாள் அவர்கள் மாண்ட்கமரி சேர்ந்தனர். பணிந்ததற்கு எட்டு நாளில் விடை கிடைத்தது, எட்டாண்டிலன்று.

1968ஆம் ஆண்டு மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்க்காக அவர் ஊர்வலம் நடத்தவிருந்தபோதும் மத்திய நீதிமன்றத் தடையொன்று ஏப்ரல் 3ஆம் நாள் வந்தது. மறுநாள் அவருடைய வழக்கறிஞர்கள் நீதிபதியின்முன் நின்று தடையை நீக்குமாறு வாதித்தனர். அன்று மாலை கிங் விடுதியின் மாடத்தில் நின்றவாறே சுடப்பட்டு மாண்டார். ஏப்ரல் 8ஆம் நாள் அவர் மனைவியார் முன்செல்ல, பல்லாயிரவர் வாய் திறவாது மெம்பிஸ் வீதிகளில் நடந்தனர்.