படத்தில் கதை சொல்லுங்கள், கடை மனதில் நிற்கும்!

கம்ப்யூட்டர் வாங்கியவுடன், சொந்தத் தொழில் செய்பவர்கள் பலர் முதலில் தயாரிப்பது கடைக்கு ஒரு நோட்டீஸ். கடைப் பெயர், பத்துப் பன்னிரண்டு சேவைகள், ஓரத்தில் இரண்டு பூப்படம், கீழே போன் நம்பர். வாங்கியவர் அதை மடித்து பஸ் ஸ்டாண்டிலேயே போட்டுவிடுகிறார். அதே கம்ப்யூட்டரில், செல்போனில் எடுத்த ஐந்து போட்டோக்களை வைத்து, மனதில் நிற்கும் விளம்பரம் ஒன்றை எப்படித் தயாரிப்பது என்று இங்கே பார்ப்போம்.

ஏன் கதை?

2003-ல் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். ஒரு சிறுவன் போகும் இடமெல்லாம் ஒரு பக் இன நாய் பின்னாலேயே போகும். டவர் எத்தனை, நிமிடத்துக்கு எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. நீங்கள் எங்கே போனாலும் எங்கள் நெட்வொர்க் கூடவே வரும் என்பதுதான் கருத்து. 2007-ல் ஹட்ச், வோடபோன் ஆனது. 2018-ல் ஐடியாவுடன் இணைந்து, 2020-ல் பெயர் மறுபடியும் மாறியது. இத்தனைக்குப் பிறகும் பக் நாயைப் பார்த்தால் "ஹட்ச் நாய்" என்று சொல்பவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

படங்களுக்கு இந்தச் சக்தி உண்டு என்பது சோதித்து அறியப்பட்டதுதான். 1970-ல் ஸ்டாண்டிங், கொனேசியோ, ஹேபர் என்ற மூன்று ஆய்வாளர்கள் சிலருக்கு 2,560 போட்டோக்களைக் காட்டினார்கள். பிறகு பழையதையும் புதியதையும் ஜோடியாகக் காட்டிக் கேட்டபோது, 90 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் சொன்னார்கள்.

முதலில் பேப்பர், பிறகு கம்ப்யூட்டர்

எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். ரெடிமேட் கடைகள் வந்த பிறகு பண்டிகை வேலை குறைந்துவிட்டது. தீபாவளிக்குள் நாலு ஆர்டராவது வர வேண்டும், செலவு செய்யப் பணமும் இல்லை என்றார். அவருடைய நோட்டீஸில் 14 வேலைகள் இருந்தன. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்: பழைய பட்டுப்புடவையில் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைப்பது.

பேப்பரில் ஐந்து கட்டங்கள் போட்டு இப்படி எழுதினோம்.

1. பீரோவில் மடித்து வைத்த பாட்டியின் புடவை.
2. விரித்தால் நடுவில் ஒரு கிழிசல். இனிக் கட்ட முடியாது.
3. கட்டிங் டேபிளில் சாக்பீஸ் கோடு, கத்தரிக்கோல்.
4. பாவாடை கட்டிய பேத்தி, பக்கத்தில் பாட்டி.
5. கடை வாசல், பெயர், போன் நம்பர்.

ஒருவர், அவருக்கு ஒரு குறை, நீங்கள் செய்த வேலை, அதனால் வந்த மாற்றம், உங்கள் முகவரி. சைக்கிள் கடையோ, ஊறுகாய் வியாபாரமோ, எந்தத் தொழிலுக்கும் இந்த வரிசை பொருந்தும். மூன்றாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் கை வேலை தெரியாவிட்டால் கதை நினைவிருக்கும், கடை நினைவிருக்காது.

பவர்பாயிண்டில் செய்முறை

1. செல்போனைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து ஐந்து போட்டோக்களையும் எடுங்கள். கம்ப்யூட்டரில் புதிய போல்டர் ஒன்றில் காப்பி செய்து, எப்2 கீயை அழுத்தி 1, 2, 3 என்று வரிசையாகப் பெயர் மாற்றுங்கள்.

2. பவர்பாயிண்டைத் திறந்து இன்சர்ட் டேபில் போட்டோ ஆல்பம் என்பதில் கிளிக் செய்திடவும். கிடைக்கும் சிறிய விண்டோவில் பைல்/டிஸ்க் பட்டனை அழுத்தி, அந்த போல்டரில் உள்ள ஐந்து படங்களையும் தேர்ந்தெடுத்து இன்சர்ட் கொடுங்கள். பிறகு கிரியேட் என்பதில் கிளிக் செய்தால், படத்துக்கு ஒரு ஸ்லைடு வீதம் தயாராகிவிடும். முதலில் தானாக வரும் தலைப்பு ஸ்லைடை டெலிட் செய்துவிடலாம். மறக்காமல் கன்ட்ரோல் + எஸ் அழுத்தி பைலை சேவ் செய்திடவும்.

3. இன்சர்ட் டேபில் டெக்ஸ்ட் பாக்ஸ் எடுத்து ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ஆறேழு வார்த்தைக்கு மேல் வேண்டாம். விண்டோஸுடன் வரும் நிர்மலா யுஐ எழுத்து தமிழுக்குப் போதும். அளவு 40 இருக்கட்டும். செல்போனில் பார்ப்பவருக்கும் தெரிய வேண்டுமே!

4. டிரான்சிஷன்ஸ் டேபில் பேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆப்டர் என்ற கட்டத்தில் டிக் செய்து நேரத்தை 4 விநாடி என அமைத்து, அப்ளை டு ஆல் அழுத்துங்கள். பந்து போல் உருளும், சுழலும் எபெக்ட்கள் வேண்டாம். பார்ப்பவர் கவனம் கதையை விட்டுப் போய்விடும்.

5. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் கிரியேட் எ வீடியோ செல்லுங்கள். புல் எச்டி தேர்ந்தெடுத்து கிரியேட் வீடியோ கொடுத்தால் சுமார் 20 விநாடி ஓடும் எம்பி4 பைல் கிடைக்கும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

6. நோட்டீஸ் அச்சடிக்க வேண்டுமா? சேவ் ஆஸ் சென்று பைல் வகையை ஜேபெக் என மாற்றி, ஆல் ஸ்லைட்ஸ் கொடுங்கள். ஐந்தும் தனித்தனிப் படங்களாகக் கிடைக்கும்.

பவர்பாயிண்ட் இல்லாதவர்கள் இலவசமான லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸில் ஸ்லைடுகளைத் தயாரித்து பிடிஎப் பைலாக மாற்றி அனுப்பலாம்.

கவனிக்க வேண்டியவை

இணையத்தில் கண்ணில் பட்ட படத்தை எடுத்துப் போடாதீர்கள். அதற்கு உரிமையாளர் இருப்பார். குழந்தையின் போட்டோ என்றால் பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் தைத்ததையே காட்டுங்கள். அடுத்தவர் வேலையைக் காட்டி ஒரு வாடிக்கையாளரை வரவழைக்கலாம், இரண்டாம் முறை அவர் வரமாட்டார்.

அந்த அக்காவின் வீடியோவைத் தெருக்காரர்களுக்கு மட்டும்தான் முதலில் அனுப்பினோம். அந்த வாரமே இரண்டு பேர் பீரோவில் இருந்த புடவையைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். என்ன விலை என்று கேட்பதற்கு முன் இருவரும் அது யாருடைய புடவை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

உங்கள் கடைக்கும் இன்றே ஐந்து கட்டங்கள் வரைந்து பாருங்கள். ஐந்தையும் நிரப்பிய பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்தால் போதும்.