மீன் தொட்டியில் இறால்

வண்ண மீன் வளர்ப்போர் சிலர் அதே தொட்டியில் சிறு நன்னீர் இறால்களையும் விட்டு வளர்க்கின்றனர். அத்தகைய தொட்டி ஒன்றை அடிக்கடி கவனித்தால், ஒருநாள் அதன் அடியில் ஓர் இறால் அசையாமல் கிடப்பதைக் காண்பீர்கள். கால், கொம்பு, வால் எல்லாம் இருக்கும். இறந்துவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். உற்றுப் பாருங்கள். உள்ளே ஒன்றுமில்லை; அது வெறும் ஓடு! அதைக் கழற்றிப் போட்ட இறால் அருகில் எங்கோ ஒளிந்திருக்கும்.

அது ஏன் ஒளிய வேண்டும்? நமக்கு எலும்பு உடலின் உள்ளே இருந்து உடலோடு வளர்கிறது. இறாலுக்கு எலும்பு இல்லை. கைட்டின் என்னும் பொருளும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்த ஓடுதான் அதன் உடலைத் தாங்குகிறது. இந்த ஓடு வளராது. ஆகவே உடல் பெருக்கும்போது, பாம்பு சட்டை உரிப்பதுபோல, இறாலும் ஓட்டை உரித்தாக வேண்டும். தலைப்பகுதிக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இடையே ஓடு பிளக்கிறது. இறால் உடலை வளைத்து ஒரு துள்ளலில் வெளியே வந்துவிடுகிறது. புதிய ஓடு அடியில் முன்பே உருவாகியிருக்கும். ஆனால் அது தோல்போல் மெத்தென்று இருக்கும். இறால் நீரை உறிஞ்சி உடலைப் பெரிதாக்கிக் கொண்ட பிறகே ஓடு இறுகும். அதுவரை அதற்குக் கவசமே இல்லை. பசித்த மீனுக்கு அது ஒரு வாய் உணவு.

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது செர்ரி இறால். தைவானிலும் சீனாவிலும் உள்ள நன்னீர் ஓடைகள் இதன் தாயகம். வளர்ந்தாலும் 3 செ.மீ.க்கு மேல் போவது அரிது. இயற்கையில் இது மங்கிய பழுப்பு நிறமே. கடைகளில் காணும் சிவப்பு, மனிதர் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்வித்ததால் வந்தது.

இதனுடன் எந்த மீனை விடலாம்? மீனின் வாயைப் பாருங்கள். அதற்குள் அடங்குவதை அது விழுங்கத்தான் செய்யும். தங்கமீனும் ஏஞ்சல் மீனும் கூடவே கூடாது. கப்பி, நியான் டெட்ரா போன்ற சிறு மீன்கள் வளர்ந்த இறாலைப் பெரும்பாலும் சீண்டுவதில்லை. ஆனாலும் ஓடு உரித்த இறாலுக்கு மறைவிடம் வேண்டும். ஜாவா பாசியை அடர்த்தியாக வளர விடுங்கள். கற்களுக்கிடையே மீன் நுழைய முடியாத இடுக்குகளை அமையுங்கள். கழற்றிய ஓட்டையும் தொட்டியிலேயே விட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சத்துக்காக இறால் அதைக் கொறித்துத் தின்னும்.

மறைவிடம் இருந்தும் இறால்கள் ஒரே இரவில் கூண்டோடு மடிவதுண்டு. பல வேளைகளில் காரணம் மருந்து. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் இடும் மருந்துகள் சிலவற்றில் செம்பு இருக்கிறது. மயில்துத்தம் செம்பு உப்புதான். மீன் தாங்கும் அளவு இறாலைக் கொன்றுவிடும். இதில் ஒரு விந்தை உண்டு. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. இறாலின் இரத்தத்தில் அதே வேலையைச் செய்யும் ஹீமோசயனினில் இருப்பது செம்பு! உடலுக்குத் தேவையான பொருளே நீரில் மிகுந்தால் நஞ்சாகிறது. நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி மருந்திடுவதே முறை.

புதிய தொட்டியில் உடனே இறாலை விடாதீர்கள். மீன்களின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா கொடிய நஞ்சு. சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டு அவ்வளவு தீங்கற்றது. இந்த பாக்டீரியாக்கள் தொட்டியில் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

பெண் இறால் 20, 30 முட்டைகளை வயிற்றின் அடியில் சுமந்து, நீந்தும் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கும். 3, 4 வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும். ஏறத்தாழ 2 மி.மீ. நீளம், தாயின் அதே வடிவம். கப்பி இவற்றைக் கண்டால் விடாது. பாசியின் உள்ளே புகுந்தவை பிழைக்கும். இரவில் விளக்கை அணைத்துச் சற்று நேரம் கழித்து, கைவிளக்கைப் பாசியின் பக்கம் காட்டி எண்ணிப் பாருங்கள்.