போதைச் சந்தையும் கொலைக்களமும்

இந்த மாத வகுப்புக்குக் கொஞ்சம் கனமான பாடம்.

"நம்ம பெக்கோக் சின்ன ஊருதானே, பட்டணத்துக் கொலையைப் பத்தி நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும். படிப்பு முடிந்ததும் வேலை தேடி குளுவாங், ஜொகூர் பாரு, கோலாலம்பூர் என்று கிளம்புகிறவர்கள் நம்மில் உண்டு. போகிற ஊரில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலாவது: வன்முறை ஒரு நகரம் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. அமெரிக்காவின் போஸ்டன் நகரில் 1980 முதல் 2008 வரை நடந்த துப்பாக்கித் தாக்குதல்களை ஆய்வாளர்கள் தெருத்தெருவாகக் குறித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, நகரத்தின் 5 விழுக்காட்டுக்கும் குறைவான தெருத்துண்டுகளிலும் சந்திப்புகளிலும் நடந்திருந்தது. ஆக, "அந்த ஊரே மோசம்" என்பது சரியான பேச்சு இல்லை. ஊருக்குள் சில மூலைகள்தாம் மோசம்.

இரண்டாவது: அந்த மூலைகளில் ஏன்? போதைப்பொருள் மூன்று வழிகளில் வன்முறையைக் கொண்டுவரும் என்று 1985-இல் பால் கோல்ட்ஸ்டீன் என்ற ஆய்வாளர் வகுத்தார். போதை தலைக்கேறிச் செய்வது ஒன்று. போதை வாங்கப் பணம் இல்லாமல் கொள்ளையடிப்பது இரண்டு. விற்பனைத் தகராறு மூன்று. 1988-இல் நியூயார்க்கில் நடந்த 414 கொலைச் சம்பவங்களை அவருடைய குழு ஆராய்ந்தது. பாதிக்கு மேற்பட்டவை போதைப்பொருள் தொடர்பானவை. அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று, விற்பனைத் தகராற்றில் நடந்த கொலைகள்.

காரணம் எளிது. மளிகைக் கடைக்காரருக்குக் கடன் திரும்ப வரவில்லை என்றால் நீதிமன்றம் போகலாம். கடையில் திருட்டு நடந்தால் போலீசில் புகார் கொடுக்கலாம். போதை விற்கிறவனுக்கு இந்த இரண்டு கதவும் அடைப்பு. "இது என் இடம், நீ ஏன் வந்தே?" என்ற சண்டைக்குப் பாராங் கத்திதான் தீர்ப்பு சொல்கிறது. விற்கிற மூலையே வெட்டு விழும் மூலையாவது இப்படித்தான்.

மூன்றாவது: நம் நாட்டு நிலை. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியர்கள் என்றும் சொன்னது. மக்கள்தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடுதான். இது நம் இரத்தத்தில் வந்த குணமா? இல்லவே இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நம் குடும்பங்கள் கைத்தொழிலும் சொந்த வீடும் இல்லாமல் பட்டணத்து ஓரங்களில் போய் விழுந்தன. துணை இல்லாத பையனுக்கு "அண்ணன்" கிடைத்தார். அந்த அண்ணன் முதலில் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். பிறகு, "இந்தப் பார்சலை மட்டும் அங்கே கொடுத்துட்டு வாடா" என்பார்.

அந்தப் பார்சலின் கனம் என்ன தெரியுமா? 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின்படி, ஹெராயின் 15 கிராம், மெத்தம்பெட்டமின் 50 கிராம், கஞ்சா 200 கிராம் அல்லது அதற்கு மேல் கையில் இருந்தாலே கடத்தல் என்று அனுமானிக்கப்படும். இல்லை என்று காட்டுவது நம் பொறுப்பாகிவிடும். 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீங்கியது உண்மை. ஆனால் மரண தண்டனை நீங்கவில்லை. அது விதிக்கப்படாவிட்டால் ஆயுள் சிறையும் ரோத்தான் அடியும் காத்திருக்கும். அனுப்பிய அண்ணன் கூண்டில் வந்து நிற்க மாட்டார்.

நான்காவது: இடம் திருந்தும். கொலம்பியாவின் மெடெயின் நகரில் 1991-இல் ஒரு லட்சம் பேருக்கு 380 கொலைகள் என்ற அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. பின்னாளில் மலைச்சரிவில் இருந்த ஏழைக் குடியிருப்புகளை நகரத்தோடு இணைக்க, 2004-இல் கம்பிவட ஊர்தி விட்டார்கள். நூலகம் கட்டினார்கள், தெருவிளக்கு போட்டார்கள். அந்தக் குடியிருப்புகளில் கொலைகள், அதே போன்ற மற்றப் பகுதிகளைவிட வேகமாகக் குறைந்ததை ஆய்வு காட்டியது.

கம்பிவட ஊர்தி நம் கையில் இல்லை. கோயில் மண்டபம் நம் கையில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு அங்கே விளக்கு எரிந்து, தேவார வகுப்போ, டியூஷனோ, பூப்பந்தோ நடந்தால், ஒரு பையன் நிற்பதற்கு வேறு மூலை தேட மாட்டான். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தவர், சிற்றினம் சேராமைக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். பொருளை விலக்குவது பாதி வேலை. கூட்டத்தை விலக்குவது மீதி வேலை.

வகுப்பில் பேச:

1. நம் ஊரில் இரவில் இளைஞர்கள் கூடும் இடங்கள் எவை? அவற்றில் வெளிச்சமும் பெரியவர் துணையும் இருக்கிறதா?

2. பட்டணத்துக்குப் புதிதாகப் போகும் தம்பிக்கு, அங்கே இருக்கும் நம்மவர் யார் துணை? இந்த வாரமே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுக்க முடியுமா?

3. "பார்சலை மட்டும் கொடு" என்று தெரிந்தவரே கேட்டால், என்ன சொல்லி மறுப்பீர்கள்? இருவர் இருவராக நடித்துப் பாருங்கள்.