மர விமானமும் பசையிணைப்பும்

1935ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரத்திற்கு விமானப் போக்குவரத்தைத் தொடங்கினர். அப்பணியில் ஈடுபட்ட ஃபாக்ஸ் மாத் விமானத்தின் உடற்பகுதி மரச்சட்டங்களாலும் ஒட்டுப்பலகையாலும் ஆனது. உலோக விமானங்கள் பெருகிய பின்னரும் மரம் இத்துறையை விட்டு நீங்கிவிடவில்லை. தம் இல்லத்திலேயே விமானம் அமைக்க விழையும் ஆர்வலர் பலர் இன்றும் மரத்தையே தேர்ந்தெடுக்கின்றனர்.

இவ்வகையில் பெயர்பெற்றது பிரான்சு நாட்டின் ஜோடெல் டி-11 ஆகும். ஜோலி, டெலமோந்தே என்னும் இருவரின் பெயர்கள் இணைந்து ஜோடெல் ஆயிற்று. 1950இல் முதன்முதலாகப் பறந்த இதில் இருவர் அருகருகே அமரலாம். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 8 மீட்டருக்குச் சற்று அதிகம். பறத்தல் சங்கங்களுக்கென இது திட்டமிடப்பட்டதாயினும், வரைபடங்களைப் பெற்று ஆர்வலர் தாமே கட்டிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. ரம்பம், இழைப்புளி, கிளாம்பு முதலிய தச்சுக் கருவிகளைக் கொண்டே பெரும்பகுதி வேலையை முடிக்கலாம்.

இறக்கையின் வலிமை

இறக்கையின் நெடுகிலும் செல்லும் முதன்மை விட்டம் ‘ஸ்பார்’ எனப்படும். மேலும் கீழும் இரு மரச்சட்டங்களை வைத்து, பக்கங்களில் ஒட்டுப்பலகையைப் பசையிட்டுப் பெட்டிபோல் இதனை அமைப்பர். பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கிறது. அதனால் மேற்சட்டம் அமுக்கப்படுகிறது, கீழ்ச்சட்டம் இழுக்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாக இயங்கச் செய்வது பசையே.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஒரே அளவான இரு பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வெறுமனே அடுக்கினால் அவை எளிதில் வளையும். அவற்றையே நன்கு ஒட்டிவிட்டால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு 4 மடங்காகிறது. பசை விட்டுப்போனால் இந்த ஆதாயம் முழுவதும் மறைந்துவிடும்.

ஈரத்தின் தீங்கு

இரு பருவமழைகளும் கடற்காற்றும் உள்ள திருவனந்தபுரம் போன்ற ஊர்களில் இது பெரிதும் கவனிக்கத்தக்கது. ஈரம் ஏறினால் மரத்தின் வலிமை குறையும். ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டினால் மரத்தை உளுக்கச் செய்யும் காளான் வளர இடமுண்டாகும். பாலிலிருந்து எடுக்கப்படும் கேசீன் பசையும் ஈரத்தில் கெடும். 1944இல் இந்தியாவிலிருந்த மாஸ்கிட்டோ என்னும் மரப் போர்விமானங்களில் சில, பறக்கும்போதே இறக்கை முறிந்து வீழ்ந்தன. பசையிணைப்புகள் பிரிந்திருந்தமை விசாரணையில் தெரிந்தது. வெப்பமும் ஈரமும் மட்டுமன்றி, பட்டறையில் நேர்ந்த ஒட்டுவேலைக் குறைகளும் காரணமாகக் கூறப்பட்டன.

எனவே நீரைத் தாங்கும் செயற்கைப் பிசின் பசையே இக்காலத்தில் பயன்படுகிறது. மரத்தின் இழையோட்டம் 15 அங்குல நீளத்திற்கு 1 அங்குலத்திற்கு மேல் சாய்ந்திருத்தலாகாது. உட்புறத்திற்கும் வார்னிஷ் பூசுதல் வேண்டும். தேங்கும் நீர் வடிய இறக்கையின் அடியில் துளைகள் விடுதல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஆடை நீக்கிய பாலைச் சூடாக்கி, வினிகர் சேர்த்துத் திரித்து, திரளை வடிகட்டிக் கழுவுக. நீற்றிய சுண்ணாம்பைச் சிறிதளவு நீருடன் கலந்தால் பசை கிடைக்கும். சுண்ணாம்பை ஆசிரியரே கையாளுதல் நன்று. இரு ஜோடி மரத்துண்டுகளை இப்பசையால் ஒட்டி, இரண்டு நாட்கள் பாரத்தின்கீழ் வைக்கவும். பின்னர் ஒரு ஜோடியை உலர்ந்த இடத்திலும், மற்றதை ஈரத்துணியில் சுற்றியும் ஒரு வாரம் வைத்து, உளியால் பிளந்து நோக்குக. பிளந்த முகத்தில் மர நார்கள் ஒட்டியிருந்தால் இணைப்பு நல்லது. பசை மட்டும் வழுவழுப்பாகப் பிரிந்திருந்தால் அது குறையுள்ளது.

விமானம் கட்டுவோரும் இம்முறையையே பின்பற்றுகின்றனர். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் ஒரு மாதிரி இணைப்பைச் செய்து உடைத்துப் பார்க்கின்றனர். முடிந்த இறக்கையில் பசையின் தரத்தைக் கண்ணால் காண இயலாது. இரண்டாவது இருக்கையில் அமர்பவர், தாம் காணாத அந்த இணைப்பை நம்பியே அமர்கிறார்.